கணக்கில் விட்டுப்போன சம்பளம்

"தர்மினி, என் சம்பளத்த எங்கம்மா ஒளிச்சு வச்சிருக்க?"

காந்தன் செலவுக் கணக்குத் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அக்கவுண்டன்ட் தர்மினி கம்ப்யூட்டருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலைகளுக்கு வால்வு சப்ளை செய்யும் கம்பெனி அது. குருபோங்கில் ஆபீஸ். முப்பத்தைந்து பேரின் ஈமெயிலும் பின்னறையில் இருந்த ஒரே சர்வர் வழியாகத்தான் போய்வந்தது. தூரத்தில் ரயில் போவதுபோல் இரவும் பகலும் முனகிக்கொண்டிருக்கும் அந்த மெஷினைப் பன்னிரண்டு வருடமாகப் பார்த்துக்கொள்பவர் காந்தன். அது ஒன்றுதான் அவர் வேலை.

சொந்த சர்வர் மலிவா, மாதக் கட்டணத்துக்கு வெளிக் கம்பெனியிடம் மெயிலை விடுவது மலிவா என்று தர்மினியிடம் கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லியிருந்தார் முதலாளி கனகரட்ணம்.

"மூணு மணிக்கு பாஸ்கிட்ட காட்டணும்ணே. சும்மா இருங்க" என்றாள் தர்மினி.

காந்தன் விடவில்லை. "ஏர்கான் கரண்டு நானூத்தி இருவது. பேட்டரிக்கு எம்பது. லைசென்ஸ் இருநூத்தி அம்பது. மொத்தம் மாசம் எழுநூத்தி அம்பது. வெளியில விட்டா ஆகக் கொறஞ்ச கொட்டேஷன் எழுநூத்தி எழுவது. இருவது வெள்ளி வித்தியாசத்துல நம்ம சர்வர் ஜெயிச்சிருச்சு. அப்படித்தானே?"

"ஜெயிச்சா நல்லதுதானே!"

"நாலாயிரத்து ஐந்நூறு வாங்கிட்டு அந்த ரூம்ல ஒருத்தன் உக்காந்திருக்கானே, அவன் யாரு? பேயா?"

தர்மினி குரலைத் தாழ்த்தினாள். "அதப் போட்டா உங்க வேலை போயிரும்ணே. தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். போடு."

"போட மாட்டேன்லா!"

காந்தன் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, தன் சம்பளத்தைத் தானே தட்டினார். சேமநிதியையும் மறக்காமல் சேர்த்தார்.

மூன்று மணிக்குக் கனகரட்ணம் கணக்கை இரண்டு முறை படித்தார். எதை வாங்கினாலும் மூன்று கொட்டேஷன் கேட்பது அவர் வழக்கம். ஆகக் குறைந்ததில் கையெழுத்துப் போடுவார். மற்ற இரண்டின் பின்பக்கத்தில் மளிகைச் சாமான் பட்டியல் எழுதுவார். கம்பெனி எந்த ஊரில் இருக்கிறது என்றுகூடப் பார்க்க மாட்டார்.

"நீர் என்ன சொல்லுறீர், காந்தன்? மெஷின் இன்னும் நல்லாத்தானே ஓடுது?"

"ஓடும் பாஸ். ஆனா பெரிய இடி இடிச்சா, ஞாயித்துக்கிழமை கல்யாண விருந்துல இருந்தாலும் நான் எலையில கைய வச்சது வச்சபடி ஓடியாரணும். வெளிக் கம்பெனின்னா தலைவலி அவங்களுக்கு. கம்பெனிக்கு எது லாபமோ அதச் செய்யுங்க. என் மூஞ்சியப் பாக்காதீங்க."

கனகரட்ணம் கண்ணாடியைக் கழற்றினார். நாற்காலியைக் காப்பாற்றிக்கொள்ள அந்த அறைக்கு எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். தன் நாற்காலியைத் தானே தூக்கி வெளியே வைக்க வந்தவரை அவர் இப்போதுதான் பார்க்கிறார்.

"எட்டு மாசச் சம்பளம் இழப்பீடு குடுங்கோ, தர்மினி. ஒரு சென் கொறையக்கூடாது. காந்தன், வேற என்ன வேணும்? கேளும்."

காந்தன் தயங்கினார். "அந்த மெஷின் மட்டும், பாஸ். பன்னெண்டு வருஷம் அது பக்கத்துலயே இருந்துட்டேன். எப்படியும் பழைய இரும்புக்குத்தானே போகப் போகுது."

தர்மினி எழுந்து பேன்ட்ரிக்குப் போனாள். அங்கிருந்து மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மாலை பிரிவுபசாரம். காந்தனுக்குப் பொன்னாடை போர்த்திப் பழத்தட்டு கொடுத்தார்கள். நாலு பேராகச் சர்வரைத் தூக்கிக் காரின் பின்சீட்டில் வைத்தார்கள். யாரோ அதற்கு சீட்பெல்ட்டும் மாட்டிவிட்டார்கள். "வீட்டுக்குப் போயி அழக்கூடாதுண்ணே" என்று சொல்லிவிட்டுத் தர்மினி அழுதாள்.

திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்கு அவளே போன் செய்தாள்.

"அண்ணே, எப்படி இருக்கீங்க? சாப்பிட்டீங்களா?"

"ம்... இருக்கேம்மா. புது மெயில் எப்படி?"

"சொன்னா கோவிச்சுக்காதீங்க. சூப்பரா போகுதுண்ணே! பழைய மெயில் ஒண்ணுகூட காணாமப் போகல. எல்லாம் இருந்த எடத்துலயே இருக்கு. எப்படித்தான் செஞ்சாங்களோ!"

"அனுபவம்மா. தொழில் தெரிஞ்சவங்க."

"ஆனா பாஸ் வழக்கம்போல பாஸ்வர்ட மறந்துட்டாரு. பாவம், இனிமே உங்களக் கூப்பிட முடியாதுல்ல. அவங்க நம்பருக்கே அடிச்சுப் பாக்குறேன்."

"அடி, அடி. நல்லாப் பேசுவாங்க."

காந்தன் போனை வைத்தார். பாயா ரும்புட்டில் இருந்த அவர் வீட்டுச் சமையலறையில், அரிசி டிரம்முக்குப் பக்கத்தில், சர்வர் குருபோங்கின் முப்பத்தைந்து பேரின் மெயிலையும் வாங்கி அனுப்பியபடி முனகிக்கொண்டிருந்தது. அதன் மேலிருந்த இன்னொரு போன் மணியடித்தது. காந்தன் கண்ணைக் காட்ட, அவர் மனைவி விஜயராணி அடுப்பைத் தணித்து, கையைத் துடைத்துக்கொண்டு அதை எடுத்தாள்.

"குட் மார்னிங், கஸ்டமர் சர்வீஸ்!"