தராசுக் கை

முப்பத்தெட்டாயிரத்து நானூறு. மகளின் நர்சிங் படிப்புக்காக முதலாளியிடம் வாங்கிய கடனில் மெக்கானிக் இன்னும் அடைக்க வேண்டியது அவ்வளவு. மாதம் இரண்டாயிரத்து நானூறு சம்பளத்தில் பிடித்தம். இன்னும் பதினாறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளிவிட்டால் கழுத்து நிமிரும்.

அந்த நேரம் பார்த்து இந்த வண்டி மூன்றாவது முறையாகத் திரும்பி வந்து நின்றது.

புத்தம் புது மோட்டார் சைக்கிள். இரட்டை சிலிண்டர், நெடுந்தூரம் போகவென்றே செய்தது, இரண்டு பக்கமும் பெட்டி. ஓட்டி வந்தவர் ரயில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஹெல்மெட் வாரைக் கழற்றும்போதே அவர் விரல்கள் வெடவெடவென்று நடுங்கின. மெக்கானிக் அதைக் கவனித்துக்கொண்டார்.

"எண்பதைத் தாண்டினா உதறுது தம்பி. நீங்க கை வெச்சதுக்கப்புறம் இன்னும் கூடிப்போச்சு. என் வீட்டுக்காரி பின்னாடி உக்கார மாட்டேங்குறா. மிக்சி மேல உக்கார வெச்ச மாதிரி இருக்காம்."

"அவங்களுக்கு வண்டி பிடிக்கலை சார். உங்களை நேரா திட்ட முடியாம வண்டியைத் திட்டுறாங்க."

ரயில்காரர் சிரிக்கவில்லை. "மூணு மாசம் ரெண்டு பேரும் ஊர் ஊராப் போறதா இருக்கோம். அதுக்குத்தான் ரிட்டயர் ஆனப்ப வந்த பணத்தையெல்லாம் இதுல போட்டேன்."

கண்ணாடி அறைக்குள்ளிருந்து முதலாளி தலையை நீட்டினார். "அண்ணே, நாலாவது தடவை இந்த வண்டி இங்க வரக் கூடாது. வந்தா நான் வேற ஆளைத்தான் பார்க்கணும். சொல்லிட்டேன்."

வேலை போனால் கடன் எங்கே, மகளின் கடைசி வருடம் எங்கே?

இரண்டு சிலிண்டரும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் கட்டிலை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போகும்போது ஒருவன் மட்டும் ஓடினாற்போல வண்டி அடித்துக்கொள்ளும். மற்றவர்கள் அதற்கு இரண்டு முள் வைத்த கேஜை மாட்டிப் பார்ப்பார்கள். இவர் டாங்க்கின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். காலையெல்லாம் கை அதிர அதிர இரும்பு தேய்க்கும் மெஷின், மத்தியானத்துக்கு மேல் டியூனிங் என்று முப்பது வருடம். பட்டறையில் அவர் பெயரே 'தராசு' என்று ஆகிவிட்டது.

"கேஜ் போட்டே பார்த்துடலாமே தம்பி?"

"கேஜ் பொய் சொல்லும் சார். இது சொல்லாது." உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "நீங்க உக்காந்து ஆக்சிலேட்டரை மட்டும் பிடிச்சுக்குங்க."

மூடியைக் கழற்றும்போது ஸ்க்ரூ இரண்டு தரம் கீழே விழுந்து உருண்டது. "இப்ப வர்ற ஸ்க்ரூவெல்லாம் மீன்குஞ்சு மாதிரி நழுவுது" என்று தேடி எடுத்தார். அப்புறம் இப்படி அரைச் சுற்று, அப்படிக் கால் சுற்று. உள்ளங்கைக்குக் கீழே இன்ஜின் தூங்குகிற குழந்தையாகக் கிடந்தது.

"முடிஞ்சுது. தண்ணி டம்ளரை வெச்சாக்கூடத் தளும்பாது."

"என்ன தம்பி, இன்னும் உதறுதே!"

மெக்கானிக் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார். "இப்பக் கையை நீட்டுங்க சார்."

நீட்டினார். பத்து விரலும் ஆடின.

"வண்டி நின்னுடுச்சு. உங்க கை நிக்கலை, பாருங்க."

ரயில்காரரின் முகம் செத்துப்போனது. மெக்கானிக்குக்கே பாவமாகிவிட்டது. "தப்பா நினைக்காதீங்க. நல்ல நரம்பு டாக்டரா பாருங்க. என் பொண்ணைக் கேட்டுச் சொல்றேன்."

"நாப்பது வருஷம் ரயில் ஓட்டின கை..." என்றவர் முடிக்காமல் போய்ச் சுவரோர பெஞ்சில் உட்கார்ந்தார். கால் மணி நேரம் கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் கருவிகளைத் துடைத்து அடுக்கினார். வெகுநாளைக்குப் பிறகு நெஞ்சு லேசாக இருந்தது.

பில் போட வந்த முதலாளி வண்டியைக் கிளப்பி, முறுக்கி, டாங்க்கில் கை வைத்தார். வைத்த கையை வெடுக்கென்று எடுத்தார்.

"என்னண்ணே இது? பேய் பிடிச்ச மாதிரி உதறுது!"

"எங்க முதலாளி?" மெக்கானிக் பதறிப்போய் வண்டியின் பக்கத்தில் குந்தினார். வலது கையை எதன் மேலோ ஊன்றி, இன்ஜினிடம் காதைக் கொண்டுபோனார். "தப்பா ஒரு சத்தமும் இல்லையே... இருங்க, ஏதோ ஒயர் கருகுது."

"ஐயோ! கையை எடுங்க!" என்று ரயில்காரர் பெஞ்சிலிருந்து அலறினார்.

யார் கையைச் சொல்கிறார் என்று மெக்கானிக் திரும்பிப் பார்த்தார்.

முதலாளி பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். தோல் சைலன்சரில் ஒட்டிக்கொண்டு உரிந்தது. வெளுத்துப்போன உள்ளங்கையை, யாரோ வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல மெக்கானிக் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்கலையாண்ணே?"

மெக்கானிக் இடது கை விரலால் அந்த உள்ளங்கையை அழுத்திப் பார்த்தார்.

ரயில்காரர் பாட்டில் தண்ணீரைக் கொண்டுவந்து அந்தக் கையில் சன்னமாக ஊற்றினார். வண்டியை விட்டு இறங்கி அவ்வளவு நேரம் ஆகியிருந்ததில் அவருடைய விரல்கள் கல் மாதிரி நின்றன. சொட்டுத் தண்ணீர்கூட வெளியே சிந்தவில்லை.

முதலாளி இன்ஜினை அணைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்:

"மீதிக் கடனைத் திருப்பித் தர வேணாம்ணே. நாளைலேருந்து வராதீங்க."