கொக்கி பிடிப்பவன்

ஒர்க்‌ஷாப்பின் தகரக் கூரை ஓட்டை வழியே இறங்கும் வெயில், ஹைபிரிட் காரின் பின்சீட்டுக்கு அடியில் ஓடும் உயர் அழுத்த மின்சார ஆரஞ்சு ஒயர்மீது விழுகிறது. அதைத் தொடும் உரிமை, பயிற்சி முடித்து வந்த என் தம்பிக்கு மட்டும்தான். பேட்டரி இணைப்புக் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறான். வேறு யாரும் தெரியாமல் மாட்டிவிடக் கூடாதாம். முப்பது வருடமாகச் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லும் நான், கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே, மின்சாரம் பாயாத நீளக் கொக்கியோடு நிற்கிறேன். "மொத்த பேட்டரியும் மாத்தினா பாதிக் கார் விலை ஆகும்மா. கெட்டுப்போன செல்ல மட்டும் மாத்திப் பாக்குறேன்," என்கிறான். கார்க்கார அம்மாள் அவனைக் கடவுளைப் பார்ப்பதுபோல் பார்க்கிறாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க இவர்கிட்டதான் வேலை பாக்குறீங்களா?" என்கிறாள். வாசல் பலகையில் இருப்பது என் பெயர். தம்பி ரப்பர் கையுறையை ஊதி, ஓட்டை இருக்கிறதா என்று காதருகே வைத்துப் பார்க்கிறான். "அண்ணே, கட்டையப் பிடுங்கினாலும் செல்லுக்குள்ள கரண்ட் இருக்கும். எனக்கு ஷாக் அடிச்சா கையால தொட்டுடாத. கொக்கியப் போட்டு இழுத்துடு." "சரிடா," என்கிறேன். அவன் குனிகிறான். வியர்வையில் கொக்கி வழுக்குகிறது. அதை இறுக்கிப் பிடிப்பதற்கு முன் ஒரு கணம் யோசிக்கிறேன்.