பக்கத்து இருக்கை

ஸாக்ரெப் விமான மைதானத்தில் காலை வெயில் தராசின் பித்தளை முள்ளில் பளீரென்று அடிக்கிறது. மூட்டை நிறுக்கும் தராசில்தான் எங்களையும் நிறுக்கிறார்கள். இருப்பதே நான்கு இருக்கை. மொத்த எடை பதினோரு கிலோ கூடிவிட்டதாம். ஆலை முதலாளி லுகெட்டிச்சின் காலடியில் இருபது கிலோ பன்றித்தொடை, புகை போட்டது, பெட்டியில் கொழுப்பு கசிய மணக்கிறது. குமாஸ்தா ஃபிரான்யோவின் கண்ணுக்கு அது மட்டும் தெரியவில்லை. பள்ளிக்கூடத்து தனிட்சாவிடம் குழைகிறான். "டீச்சர், நீங்க நாளைக்குப் போங்களேன்." "இன்னிக்கு மத்தியானம் பெல்கிரேடுல என் தங்கச்சிக்கு ஆபரேஷன். ரயில்ல போனா ராத்திரி ஆயிடும்." "முதலாளி மந்திரி வீட்டு விருந்துக்குப் போறார், டீச்சர்." பதினோரு கிலோவுக்காக நாற்பத்தேழு கிலோ மனுஷியை இறக்குகிறார்கள்! நான் வாய் திறக்கிறேன். "உங்க எடையையும் இன்னொரு தடவை பார்க்கணுமா சார்?" என்கிறான் ஃபிரான்யோ. மூடிக்கொள்கிறேன், வெட்கங்கெட்டவன். "அப்போ இன்னும் முப்பத்தாறு கிலோவுக்கு இடம் இருக்கே!" லுகெட்டிச் தன் கார் டிரைவரைப் பார்த்துக் கைதட்டுகிறார். "அந்த இன்னொரு பெட்டியையும் எடுத்துட்டு வாடா!" எனக்குப் பக்கத்தில், அவள் உட்கார வேண்டிய பிரம்பு நாற்காலியில், இரண்டு பெட்டிகளையும் அடுக்கி வாரை இழுத்துக் கட்டுகிறான் மெக்கானிக். இயந்திரம் உறுமுகிறது, புல் தரையோடு படுக்கிறது. தனிட்சா ஜன்னலருகே வந்து, காதில் அடைத்துக்கொள்ளக் கொடுத்திருந்த பஞ்சை என் உள்ளங்கையில் வைக்கிறாள். "உங்க பக்கத்து சீட்காரருக்கு வச்சு விடுங்க சார். பாவம், காது வலிக்கும்."