கோரைத் தூர்

ஏரிக்கரையில் மண்டியிருந்த கோரையை எல்லாம் களை என்று சொல்லி, பொக்லைன் விட்டு வழித்தெடுத்தவன் காண்ட்ராக்டர் கனகசபை. அடுத்த மழைக்கே கரை உடைந்து, எல்லப்பனின் மகளை வெள்ளம் கொண்டுபோனது. இன்று அதே உடைப்பில் எல்லப்பன் கனகசபையின் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கினான். திமிறி எழுந்தவன் எட்டிப் பிடித்த ஆகாயத்தாமரை கையோடு வந்தது.

"அதுக்குப் பிடிப்பு கிடையாது" என்று சொல்லி எல்லப்பன் மறுபடி அமுக்கினான்.

இந்த முறை கனகசபை பிடித்தது அசையவில்லை. உள்ளங்கை அறுபட்டு ரத்தம் வழிந்தது.

"தண்டு மூணு பட்டையா இருக்கா? அதான் கோரை. மண்ணை விடாது."

கனகசபை இருமிக்கொண்டே தலையாட்டினான். எல்லப்பன் இடுப்பிலிருந்து அரிவாளை உருவி அந்தத் தண்டுகளில் வைத்தான். கரையில் மிஞ்சியிருந்தது அந்த ஒரு தூர்தான். அரிவாளைத் தூர எறிந்துவிட்டு, ஒரு தண்டுகூட ஒடியாமல், கனகசபையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தான்.