வின்சன்ற் இறங்கும் இடங்கள்

விடுமுறை நாளில் உங்கள் கணவர் என்ன செய்வார் என்று தூதரகத்து வெள்ளைக்கார அதிகாரி கேட்டதுதான் தாமதம், ஐறீன் மூச்சுவிடாமல் சொல்லத் தொடங்கினாள்.

இந்த அறையில் தடுமாறினால் விசா இல்லை என்பது அவளுக்குத் தெரியும். கொட்டாஞ்சேனைக் கோயிலில் தாலி கட்டிய கையோடு, பத்தே நாளில் வின்சன்ற் தன் குளிர்நாட்டுக்குத் திரும்பிவிட்டார். கலியாணம் மெய்யா, விசாவுக்குக் கட்டிய கூத்தா என்று பிடித்துப் பார்க்கத்தான் இந்த விசாரணை. இரண்டு பேரிடமும் தனித்தனியே கேட்பார்கள். பதில்கள் பொருந்தவேண்டும்.

அவள் தங்கியிருந்த வெள்ளவத்தை லொட்ஜில் பக்கத்து அறைப் பெண், இதே விசாரணையில் புருஷனுக்கு என்ன கறி பிடிக்கும் என்று தெரியாமல் முழித்து, அழுதுகொண்டு திரும்பியவள்.

ஐறீனுக்கு அந்தப் பயம் இல்லை. வின்சன்றுக்கு ஒரே ஒரு பைத்தியம்தான். அதை அவள் கரைத்துக் குடித்திருந்தாள்.

வள்ளம் கிள்ளம் ஒன்றும் இல்லாமல், கரையிலிருந்தே கடலுக்குள் இறங்கி அடியில் நீந்துவது. முதுகில் காற்றுச் சிலிண்டர், உடம்பு முழுக்க இறப்பர் உடுப்பு. அது எந்த நாடு என்பது இங்கே முக்கியமில்லை, குளிர்தான் முக்கியம். ஊரே நெருப்புக் காய்கிற மாதத்தில் இந்த மனிதர் தண்ணீருக்குள் இறங்குகிறார்.

மற்றப் பெண்களின் புருஷன்மார் தொலைபேசியில் கண்ணே மணியே என்று உருக, இவர் எந்தக் கரையில் எப்படி இறங்கலாம் என்று விளக்கிக்கொண்டிருந்தார். புவாத் நானாவின் கொமியூனிகேசன் கடையில் றிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி முதலில் அவள் சலித்தாள். பிறகு பழகினாள். பிறகு அடுத்த இடம் எதுவென்று அறிய ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தாள். கட்டினவருடைய மனம் அந்தத் தண்ணீருக்குள்தான் கிடந்தது. அவளும் அங்கேயே போய் அதைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது எல்லாவற்றையும் கொட்டினாள்.

சான்ட்விக்கில் காரைப் படகுக் கொட்டிலுக்குப் பின்னால் விடவேண்டும். முன்னால் விட்டால் ஒரு கிழவர் வந்து ஏசுவார். அங்கே பாறையெல்லாம் வழுக்கல், முதுகுப் பக்கமாகத்தான் இறங்கவேண்டும். ஸ்டெய்ன்னெஸ்ஸுக்குக் கடல் வற்றுகிற நேரம் போகக்கூடாது, நீரோட்டம் இழுத்துவிடும். அடியில் கடற்பாசி ஆளுயரத்துக்குக் காடாக நிற்கும். மாரியில்தான் தண்ணீர் நன்றாகத் தெளியும், ஆனால் ஏறி வரும்போது உதடு விறைத்துப் பேச்சு வராது. சான்ட்விக்கில் ஒரு பாறைப் பொந்துக்குள் மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு ஒரு மீன் இருக்கிறது. அதில் தன் மாமனாரின் சாடை தெரிகிறது என்று வின்சன்ற் சொல்லியிருந்தார். ஐறீன் அதையும் விடவில்லை.

மொழிபெயர்ப்பாளர் ஸ்ரீஸ்கந்தராசா ஓய்வுபெற்ற ஆசிரியர், அவரும் வெள்ளவத்தைக்காரர்தான். சிலிண்டர் என்ற சொல் வந்தபோதே அவர் முகத்தில் ஈயாடவில்லை. அவள் சொல்லி முடித்ததும் அதிகாரியிடம் இங்கிலீசில் ஒரே ஒரு சொல் சொன்னார்.

கிரிக்கெட்.

அந்தச் சொல் ஐறீனுக்கும் விளங்கியது. அவள் திகைத்துப் பார்க்க, அவர் மேசையைப் பார்த்தபடி முணுமுணுத்தார்.

"பிள்ளை, ஒரு தமிழ்ப் பெடியன் தண்ணிக்குக் கீழை போறான் எண்டு இந்த நாளையிலை ஆரிட்டையும் சொல்லலாமோ? பேசாமல் இருங்கோ."

சண்டைக் காலம். தண்ணீருக்கு அடியால் வந்து கப்பலுக்குக் குண்டு வைப்பார்கள் என்ற பயம் எங்கும் இருந்தது. துறைமுகப் பக்கம் நின்று படமெடுத்தவனையே கொண்டுபோய் உள்ளே வைத்திருந்தார்கள். மனிதர் நல்ல மனத்தோடுதான் பொய் சொன்னார். ஆனால் அந்தப் பொய்யோடு விசாவும் போயிற்று என்று ஐறீன் நினைத்தாள்.

அதிகாரி பேனாவை வைத்தார். இவ்வளவு நீளக் கதையும் ஒரு கிரிக்கெட்டா என்று கேட்டார். சான்ட்விக், ஸ்டெய்ன்னெஸ் என்று தன் நாட்டு ஊர்ப் பெயர்கள் காதில் விழுந்தனவே, கல்லையும் கடலையும் தவிர ஒன்றுமில்லாத அந்த இடங்களில் மனிதர் எங்கே நின்று மட்டை பிடிக்கிறார் என்றும் கேட்டார்.

ஸ்ரீஸ்கந்தராசா கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்தார். தன் பயத்தை ஒப்புக்கொண்டு, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார், மாமனார் மீன் உட்பட.

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கி, ஐறீனைப் பார்த்து ஏதோ சொன்னார். ஸ்ரீஸ்கந்தராசா அதைக் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னார்.

"என்ன வேணுமெண்டாலும் கேளுங்கோ, தண்ணிக்குள்ளை போற கதையை மட்டும் அவவிட்டைக் கேக்காதேங்கோ எண்டு உங்கடை அவர் நேற்று ரெலிபோனிலை இவர் விசாரிக்கேக்கை கெஞ்சினவராம். தான் விழுந்து விழுந்து சொல்ல, நீங்கள் ஒருநாளும் ஓம் எண்டதுக்கு மேலை ஒரு சொல்லும் கதைக்கேல்லையாம். அந்தக் கதையிலை மட்டுமில்லை, தன்னிலையும் உங்களுக்கு விருப்பமில்லைப் போலை எண்டு சொன்னவராம்."

ஓம் என்பதற்கு மேல் அவள் கதைக்கவில்லை என்பது மெய்தான்.

புவாத் நானாவின் கடையில் ரெலிபோன் கூண்டின் கதவு சாத்துப்படாது. முதுகுக்குப் பின்னால் எப்போதும் ஒரு வரிசை. அதில் யார் சனம், யார் சீஐடி என்று யார் கண்டது? சிலிண்டர், ஆழம், நீரோட்டம் என்று அந்த இடத்தில் அவள் வாய்திறந்து திருப்பிக் கேட்க முடியுமா? ஆசை அத்தனையையும் அந்த ஒரு சொல்லுக்குள் அடைத்துத்தான் அனுப்பினாள். போய்ச் சேர்ந்தது சொல் மட்டும்தான். அப்படியிருந்தும் அந்த மனிதர் ஒரு ஞாயிறும் தவறாமல் ரெலிபோன் எடுத்திருக்கிறார்.

இதைச் சொல்லவேண்டும் என்று வாயெடுத்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன. ஒரு சொல்லும் வரவில்லை.

அதிகாரி மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார்.

ஸ்ரீஸ்கந்தராசா தொண்டையைச் செருமினார். கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, தானும் வரிசையில் நின்று பழகிய கொமியூனிகேசன் கடைகளின் கதவுகளிலிருந்து தொடங்கி, இங்கிலீசில் நெடுநேரம் மொழிபெயர்த்தார்.