ஹேஷுக்குப் பிறகு

“அப்பா அங்க தனியா...”

“போயிட்டு வா ஈசு. நாலு நாள் இருந்துட்டே வா. டிக்கெட் போடட்டுமா?”

போன வாரம் இதே சாப்பாட்டு மேசையில் கணவனோடு நடந்த பேச்சு. தீபாவளிக்கு முன்பும் இப்படித்தான். அதற்கு முன்பும்.

ஒவ்வொரு முறையும் அவளுடைய வாக்கியம் பாதியில் நிற்கும். மீதியை அவன் அன்பால் நிரப்பிவிடுவான். டிக்கெட் போடுவான். பரணிலிருந்து பையை இறக்குவான். ஒருமுறை ரயிலில் கழுத்துக்கு வைத்துக்கொள்ள ஒரு தலையணைகூட வாங்கி வந்தான்.

கோபித்துக்கொள்ள இடமே தராத மனிதன்.

இன்று அதே மேசையில் அவளுடைய லேப்டாப். திரையில் ஒரு சிறு பெட்டி.

பெயர். கடவுச்சொல்.

அவள் எழுதிய ஸ்கிரிப்ட், ஒரு சிறு நிரல், தானாகவே இணையதளத்தைத் திறந்து, பக்கம் பக்கமாகச் சரிபார்க்க வேண்டும். காலையிலிருந்து முதல் பக்கத்துக்கே போகவில்லை.

ஹெட்போனில் ஜெரால்டு சிரித்தான். அதே டீம். சென்னையில் இருப்பவன்.

“உங்க ஸ்கிரிப்ட் செருப்பைக் கழட்டிட்டு வாசல்லயே நிக்குதுக்கா. பெல் அடிக்கக் கூச்சம் போல.”

“கூச்சம் இல்லடா. பெல் இருக்கிறதே அதுக்குத் தெரியல.”

அதுதான் விஷயம். அந்தப் பெட்டி பக்கத்துக்குள் இல்லை. பிரவுசர் தானாகக் கொண்டுவந்து மேலே வைப்பது. பக்கத்துக்குள் இருப்பது மட்டும்தான் ஸ்கிரிப்டின் கண்ணில் படும்.

பெட்டி கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஸ்கிரிப்ட் காத்துக்கொண்டே இருக்கும்.

வழி அவளுக்குத் தெரியும். கேட்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பெயரையும் கடவுச்சொல்லையும் தள முகவரியின் தொடக்கத்திலேயே சேர்த்து எழுதிவிட வேண்டும். சொல்லிக்கொண்டே நுழைந்தால் பெட்டி வரவே வராது.

எழுதினாள். ஓட்டினாள்.

முகவரி தவறு என்றது திரை.

கைபேசி அதிர்ந்தது. கோவில்பட்டியிலிருந்து அப்பா.

“சாப்ட்டேம்மா.”

எடுத்ததுமே அதைத்தான் சொல்வார். அவள் கேட்கட்டும் என்று இருக்கமாட்டார். என்ன சாப்பிட்டார் என்று மட்டும் சொல்லமாட்டார்.

“ராத்திரி தாழ்ப்பாள் போட்டீங்களாப்பா?”

“இல்லம்மா. ஏதாவதுன்னா நாலு பேரு உள்ள வரணும்ல. கதவை உடைச்சா வீட்டுக்காரருக்கு நாமதான பதில் சொல்லணும்?”

சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள்.

அம்மா இருந்தவரை, அப்பா தாழ்ப்பாளை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுப்பார்.

போனை வைத்தாள். கைகள் விசைப்பலகை மேல் அப்படியே இருந்தன. கண்கள் முகவரியை எழுத்தெழுத்தாகப் படித்தன.

கடவுச்சொல்லின் நடுவில் ஒரு ஹேஷ் குறி (#).

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். இத்தனை வருட வேலையில் இது தெரியாதவளா அவள்?

ஹேஷைப் பார்த்ததும் பிரவுசர், முகவரி அங்கேயே முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். பிறகு வருவது எதுவும் போய்ச் சேராது. கேட்ட பாதியை வைத்துக்கொண்டு அது தனக்குத் தெரிந்ததைச் செய்யும்.

பிரவுசர் மேல் தப்பே இல்லை.

ஹேஷை எடுத்தாள். அந்த இடத்தில் ஒரு சதவீதக் குறி, பக்கத்தில் இருபத்து மூன்று. ஹேஷை ஹேஷாகவே கொண்டுபோய்ச் சேர்க்கும் எழுத்து.

ஓட்டினாள்.

பெட்டி வரவில்லை. பக்கம் திறந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. பச்சை, பச்சை, பச்சை.

“அக்கா! உள்ள போயிருச்சு! என்ன பண்ணீங்க?”

“முழுசாச் சொன்னேன்டா.”

ஹெட்போனைக் கழற்றினாள்.

மதியச் சாப்பாட்டுக்குக் கணவன் வந்தான். பீர்க்கங்காய்க் கூட்டை இரண்டாம் முறை போட்டுக்கொண்டான். அவள் எதிரே உட்கார்ந்திருந்தாள். அவன் தலைக்குப் பின்னால் சின்ன அறை திறந்து கிடந்தது. அங்கே ஓர் உடற்பயிற்சி சைக்கிள். அதன் மேல் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. ஜன்னல் வழியே நல்ல வெயில்.

“ஏங்க. அப்பா அங்க தனியா...”

அவன் இடது கை அதற்குள் கைபேசிக்குப் போயிருந்தது.

“எப்போ கிளம்புற? வெள்ளிக்கிழமை பாக்கட்டுமா?”

திரையில் ரயில் டிக்கெட் பக்கம். கோயம்புத்தூரிலிருந்து கோவில்பட்டி. இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு சின்ன அம்புக்குறி.

அவள் கையை நீட்டி அந்த அம்புக்குறியைத் தொட்டாள்.

ஊர்கள் இடம் மாறின.

அவன் நிமிர்ந்தான். வாயில் போட்ட சோற்றை மெல்லாமலே அவளைப் பார்த்தான்.

அவள் நிறுத்தவில்லை.

“அப்பா பேருல போடுங்க. வர்றதுக்கு மட்டும். திரும்பிப் போக வேண்டாம். இனிமே நம்மகூடவே இருக்கட்டும்ங்க.”