மெஷின் சத்தம்

கதவைத் திறக்கும் முன்பே சத்தம் கேட்டது. முதலாளி பின்னால் வந்த அதிகாரியைத் திரும்பிப் பார்த்தார்.

உள்ளே ஒரு தையல் மெஷின்கூட ஓடக் கூடாது. அதைக் காட்டத்தான் அதிகாரி அம்மாவைக் கூட்டி வந்திருக்கிறார். வெளிநாட்டுப் பைகள் பாதி விலைக்கு வந்து குவிந்ததில் படுத்துவிட்ட பட்டறைகளுக்கு அரசாங்கம் உதவி தருகிறது. படுத்துவிட்டது என்று அதிகாரி நேரில் பார்த்து எழுத வேண்டும். இதுவும் கைநழுவினால் பட்டறையை விற்பதைத் தவிர வேறு வழியில்லை.

கதவைத் திறந்தார். அத்தனை மெஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன.

வேலையில்லை என்று அவர் கண்கலங்கி வீட்டுக்கு அனுப்பிவைத்த ஆட்கள், ஒருவர் பாக்கியில்லாமல் வந்து உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி நல்ல துணி உடுத்தியிருந்தார்கள். ஜிப் வைக்கிறவர் தலைக்குச் சாயம்கூடப் பூசியிருந்தார்.

எல்லாம் பெரியக்காவின் ஏற்பாடு. பட்டறை ஆரம்பித்த நாளிலிருந்து முதல் மெஷின் அவருடையதுதான். அவரிடம் இருந்த பட்டறைச் சாவியைத் திருப்பிக் கேட்க முதலாளிக்கு மனசு வரவில்லை. யாரோ ஆபீசர் வருகிறார் என்பது மட்டும் பெரியக்கா காதில் விழுந்திருக்கிறது. எதற்கு என்று அவர் விசாரிக்கவில்லை. முதலாளி வெறும் பட்டறையில் தலைகுனிந்து நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

"தொழில் எப்படிம்மா போகுது?" என்று அதிகாரி பெரியக்காவிடம் கேட்டார்.

"முதலாளிக்கு என்ன குறைச்சல்? மூச்சு விட நேரமில்ல. சம்பளமும் ஒண்ணாந்தேதி டாண்ணு வந்துடும்."

முதலாளி பதறிப்போய்க் கண்ஜாடை காட்டினார். பெரியக்காவோ, இன்னும் கொஞ்சம் எடுத்துவிடச் சொல்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, அடுத்த வருஷம் பட்டறையைப் பெரிதாக்கப் போவதாகவும் சொல்லிவைத்தார்.

நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த முகங்களைப் பார்த்தபின் அது அவர் வாயில் வரவில்லை. போனால் போகட்டும் என்று நின்றுவிட்டார். உண்மையைச் சொன்னால், அந்தச் சத்தத்தைக் கேட்க அவருக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

அதிகாரி ஒவ்வொரு மெஷினாகப் பார்த்துக்கொண்டே போனார். பக்கத்தில் குவித்திருந்த பைகளில் ஒன்றை எடுத்தவர், சட்டென்று இரண்டு கைகளாலும் அதைப் பொத்திக்கொண்டார். எடுத்த இடத்திலேயே பதமாக வைத்தார்.

"நல்லா தைக்கிறீங்கம்மா," என்று பெரியக்காவிடம் சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

முதலாளி பின்னாலேயே ஓடினார்.

"மேடம், அவங்க சொன்னதெல்லாம்..."

"கவலைப்படாதீங்க. பட்டறை நின்னுபோச்சுன்னுதான் எழுதப் போறேன்." அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பை என் கையிலயே ரெண்டா பிரிஞ்சு வந்துடுச்சு. ஒரு மெஷின்லகூட நூல் இல்லைங்க."

அப்போதுதான் முதலாளிக்கு உறைத்தது. மிச்சமிருந்த நூலையெல்லாம் விற்றுத்தானே அவர்களுக்குக் கடைசிச் சம்பளம் கொடுத்தார்.

உள்ளே வந்தார். ஆபீசர் திரும்பி வந்துவிட்டால் என்ன செய்வது என்று, யாரும் இன்னும் மெஷினை நிறுத்தவில்லை. வெறும் ஊசிகள் கழிவுத் துணியில் குத்திக் குத்தி ஓடிக்கொண்டிருந்தன.

பெரியக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"என்னங்க முதலாளி, மானத்தைக் காப்பாத்திட்டோமா?"

"காப்பாத்திட்டீங்கக்கா," என்றார் அவர்.